மலையில்லா ஊரில் காட்டுநடை

புதுச்சேரியில் காட்டில் நடக்க ஆசைப்படுகிறவர் வழக்கமாகச் செய்வது, வெள்ளிக்கிழமை இரவு பேருந்து பிடித்து ஊரைவிட்டுக் கிளம்புவது. ஏற்காடு, கொடைக்கானல், ஜவ்வாது மலை, விடுமுறை கூடுதலாகக் கிடைத்தால் நீலகிரி. பக்கத்திலேயே காடு இல்லையா என்று கேட்டால், “இங்க ஏது சார் காடு, கடல்தான் இருக்கு” என்ற பதில் வரும். அந்தப் பதிலில் பாதி உண்மை. நாள் முழுக்க நடந்தாலும் தீராத ஒரே பெரிய காடு புதுச்சேரிப் பகுதியில் கிடையாது. ஆனால் வகை என்று பார்த்தால் நிலைமை வேறு. கடலோரப் பசுமைமாறாக் காடு, செம்மண் மேட்டில் மனிதர் வளர்த்த காடு, ஏரியும் உப்பங்கழியும் சேர்ந்த நீர்நிலம், கல்லாகிப்போன மரங்கள் கிடக்கும் மேடு, பாறைமலையில் கோடையில் இலையுதிர்க்கும் காடு என ஐந்து வெவ்வேறு நிலங்கள் காலையில் போய் மாலைக்குள் திரும்பும் தூரத்தில் உள்ளன. நடையை உயரத்தாலும் கிலோமீட்டராலும் அளக்கிறவருக்கு இந்த ஊர் ஏமாற்றம்தான். நிலத்தின் வகையாலும் பருவத்தாலும் அளக்கிறவருக்கு ஓராண்டு முழுக்க இங்கே வேலை இருக்கிறது. இந்த அத்தியாயம் அந்த இரண்டாவது அளவுகோலை ஏன் கைக்கொள்ள வேண்டும், எப்படிக் கைக்கொள்வது என்று விளக்குகிறது.

முதலில் நிலத்தைப் புரிந்துகொள்வோம். புதுச்சேரிக்கு ஆண்டில் சராசரியாக 1,300 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. இது குறைந்த மழை அல்ல. ஆனால் அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்த்துவிடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததை ஊர் மறந்திருக்காது. ஜனவரிக்குப் பிறகு ஏறக்குறைய ஆறு மாதம் வறட்சி. இந்த ஒரே மழையை நிலம் வாங்கிக்கொள்ளும் விதம் இடத்துக்கு இடம் மாறுகிறது. கடலோர மணல் உறிஞ்சிக்கொள்கிறது, வடக்கே உள்ள செம்மண் மேடு அரிபட்டு ஓடவிடுகிறது, மேற்கே ஏரிகள் தேக்கிவைக்கின்றன, செஞ்சிப் பக்கத்துக் கருங்கல் குன்றுகளில் நீர் நிற்பதே இல்லை. காடுகள் வகைவகையாகப் பிரிந்ததற்கு அடிப்படை இதுதான். அவை துண்டுதுண்டானதற்கு வேறு காரணம் உண்டு. பல நூற்றாண்டுகளாக ஏரிப் பாசன வேளாண்மை நடந்த நாடு இது. உழக்கூடிய இடமெல்லாம் உழப்பட்டது, எரிக்கக்கூடிய மரமெல்லாம் விறகானது. எஞ்சியவை சாமிக்குப் பயந்து விட்ட இடங்கள், உழ முடியாத இடங்கள், அண்மைக் காலத்தில் திரும்ப வளர்த்த இடங்கள்.

சாமிக்குப் பயந்து விட்ட இடத்திலிருந்தே தொடங்குங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தைத் தாண்டி மரக்காணம் நோக்கிப் போனால், ஊரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் கீழ்ப்புத்துப்பட்டு. அங்கே மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலைச் சுற்றி நிற்பது வறண்ட பசுமைமாறாக் காடு என்று தாவரவியலார் வகைப்படுத்தும் சோழமண்டலக் கடற்கரைக் காட்டின் எச்சம். உயரமான மரங்களை எதிர்பார்க்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் போகும் மரம் குறைவு. கவனிக்க வேண்டியது இலைகளை: தடித்து, தோல்போல் பளபளத்து, கோடையிலும் உதிராமல் இருக்கும். வீரை, காயா, உலக்கைப்பாலை, கருங்காலி, காட்டு எலுமிச்சை, நெய்க்கொட்டான், ஓரங்களில் களா, காரை, இவற்றின்மேல் மிளகரணைக் கொடி என அடர்ந்து பின்னிக்கிடக்கும். ஆறு மாதம் மழையே இல்லாத ஊரில் காடு ஏன் இலையை உதிர்க்கவில்லை என்ற கேள்வியோடு உள்ளே போனால் ஒவ்வொரு மரமும் அதற்கு ஒரு பதில் வைத்திருக்கும். கிளையோடு ஒட்டிப் பூக்கும் காயாவின் நீலப் பூங்கொத்து, முள்ளால் தன்னைக் காத்துக்கொள்ளும் களா, நிழலிலேயே முளைத்து நிழலிலேயே காத்திருக்கும் வீரைக் கன்றுகள் ஆகியவற்றை அடையாளம் காணக் கற்றுக்கொள்வதே இங்கே நடையின் நோக்கம்.

இதற்கு முதல் மறுப்பு எளிதாக வரும்: கோயிலைச் சுற்றிச் சில ஏக்கர் மரம், அரை மணி நேரத்தில் நடந்து முடித்துவிடலாம், இதற்குப் பெயர் காட்டுநடையா? தூரத்தை மட்டும் கணக்கிட்டால் மறுப்பு சரி. ஆனால் இதே சிறு காடுகளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகச் சூழலியல் ஆய்வாளர்கள் மரங்களை ஒவ்வொன்றாக அளந்து, எண் கட்டி, ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்து கணக்கெடுத்திருக்கிறார்கள். 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் தாவரவியலார் தென்னிந்தியாவின் தாவர வரைபடங்களைத் தயாரித்தபோது இந்தக் கடற்கரைக் காட்டைத் தனி வகையாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆய்வாளருக்கு ஆண்டுகள் பிடிக்கும் இடம் நமக்கு அரை மணியில் முடிகிறது என்றால், குறை இடத்தில் இல்லை, நம் நடையின் வேகத்தில் இருக்கிறது. நடைமுறையில் இப்படிச் செய்யலாம். ஒரு மணி நேரத்துக்கு 500 மீட்டர் என்று வேகத்தை வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருகையில் பத்து மரங்களை மட்டும் பெயரோடு தெரிந்துகொள்ளுங்கள். கோயில் பூசாரியோ ஆடு மேய்ப்பவரோ சொல்லும் ஊர்ப்பெயரை முதலில் எழுதிக்கொண்டு, பிறகு புத்தகத்தைப் பாருங்கள். ஒரே மரத்துக்கு இரண்டு ஊரில் இரண்டு பெயர் இருப்பது சகஜம் என்பதால் இலையின் படம் ஒன்றையும் எடுத்துவைப்பது நல்லது. நகரத்துக்குள் 1826-இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்காவில் ஒரு காலைப்பொழுதைச் செலவிட்டுவிட்டு வந்தால் இலைகளைப் பார்க்கும் கண் கொஞ்சம் பழகியிருக்கும்.

அடுத்தது செம்மண் மேடு. நகரத்துக்கு வடக்கே கோரிமேட்டைத் தாண்டி மொரட்டாண்டி, இரும்பை, குயிலாப்பாளையம் பக்கம் நிலம் மெல்ல உயர்ந்து கடல்மட்டத்திலிருந்து 50 மீட்டரை எட்டுகிறது. 1968 பிப்ரவரி 28-இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது இந்த மேடு பெரும்பாலும் வெட்டவெளி. மழை நீர் மேல்மண்ணை அரித்துக்கொண்டு போய்க் கடலைச் சிவப்பாக்கியது. அந்த அரிப்பில் உண்டான ஆழமான ஓடைப்பள்ளங்களை இன்றும் பார்க்கலாம். ஆரோவிலுக்குக் குடிவந்தவர்களும் சுற்று வட்டாரக் கிராமத்தாரும் சேர்ந்து முதலில் செய்தது மரம் நடுவது கூட அல்ல, வரப்புப் போட்டு நீரை நிறுத்தியது. பிறகு வேகமாக வளரும் ஆஸ்திரேலிய அக்கேசியா போன்ற மரங்களை நிழலுக்காக நட்டு, அந்த நிழலில் உள்ளூர் இனங்களைக் கொண்டுவந்தார்கள். அதற்கான விதைகள் வந்தது எஞ்சியிருந்த கோயில் காடுகளிலிருந்து. பிச்சாண்டிக்குளம் போன்ற இடங்களில் இந்த வேலை அரை நூற்றாண்டாக நடக்கிறது. ஆகவே கீழ்ப்புத்துப்பட்டைப் பார்த்த பிறகே இங்கே வர வேண்டும். அங்கே தாயைப் பார்த்தால்தான் இங்கே பிள்ளையின் சாயல் தெரியும். பொதுவழிகளிலும் மிதிவண்டிப் பாதைகளிலும் நடக்கத் தடையில்லை. தனித்தனிக் குழுக்கள் பராமரிக்கும் காட்டுப்பகுதிகளுக்குள் போக, முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவதே முறை.

நட்டு வளர்த்தது காடாகுமா, அது தோப்புத்தானே என்று இங்கே இரண்டாவது மறுப்பு எழும். இன்னும் கூர்மையாகக் கேட்பவர், இந்த மேட்டில் முன்பு உண்மையிலேயே அடர்காடு இருந்ததா என்பதிலேயே ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லையே என்பார். இரண்டும் நியாயமான கேள்விகள். தோப்புக்கும் காட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காண எளிய சோதனை ஒன்று உண்டு: மரத்தடியைப் பாருங்கள். யாரும் நடாத கன்றுகள், பறவை எச்சத்தில் வந்த விதைகள், மக்கும் சருகு, அதில் கரையான் என்று இருந்தால் அந்த இடம் தன்னைத் தானே நடத்தத் தொடங்கிவிட்டது என்று பொருள். வரிசையாக நிற்கும் சவுக்குத் தோப்பில் இதைக் காண முடியாது. கடற்கரையோரம் சவுக்குத் தோப்புகள் நிறைய இருப்பதால் இரண்டையும் ஒரே காலையில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தபோது இந்த வட்டாரத்தில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. புயல் திறந்துவிட்ட வெளிச்சத்தில் எது முளைத்தது என்பதும் நடப்பவர் கவனிக்க வேண்டிய பாடம். பழைய காடு இருந்ததா என்ற விவாதம் எப்படி முடிந்தாலும், ஒரு காடு உருவாகும்போதே அதனுள் நடக்கும் வாய்ப்பு எந்த மலைவாசத்தலத்திலும் எளிதில் கிடைக்காது.

நீர்நிலங்களுக்குப் பருவம்தான் எல்லாம். ஊசுட்டேரி நகரத்துக்கு மேற்கே சுமார் 10 கிலோமீட்டரில், பத்துக்கண்ணு போகும் சாலையோரம் விரிந்துகிடக்கிறது. ஏறத்தாழ 800 எக்டேர் பரப்பில் பாதி புதுச்சேரிக்கு, பாதி தமிழ்நாட்டுக்கு. புதுச்சேரி தன் பகுதியை 2008-இலும் தமிழ்நாடு தன் பகுதியை 2015-இலும் பறவைகள் சரணாலயமாக அறிவித்தன. ஒரே கரையில் நடக்கிறவர் இரண்டு வனத்துறைகளின் எல்லைக்குள் நடக்கிறார் என்பதை நினைவில் வையுங்கள். அனுமதி, நேரம் எல்லாம் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் வேறு. பிரெஞ்சுக்காரர் காலத்து எல்லை வளைந்து நெளிந்து வயல்களுக்கு நடுவே போவதன் விளைவு இது. வடக்கே வானூர், மரக்காணம் வட்டங்களில் உள்ள கழுவேலி இன்னும் பெரியது. 2021 டிசம்பரில் 5,151 எக்டேர் பரப்பு சரணாலயமானது, 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ஊசுட்டேரி நன்னீர், கழுவேலி கடலோடு தொடர்புள்ள உவர்நீர். அதனால் ஒன்றில் நாமக்கோழியும் நீர்க்காகமும் மிகுதி, மற்றொன்றில் பூநாரை வரும் வாய்ப்பு. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை, சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி கரையில் நடங்கள். காலையில் கிழக்குக் கரையிலிருந்து பார்ப்பது, மாலையில் மேற்குக் கரைக்கு மாறுவது என்பது எளிய விதி.

திருவக்கரைக்கு அரை நாள் போதும். மயிலம் போகும் சாலையிலிருந்து பிரிந்து, வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் பெயர்பெற்ற அந்த ஊருக்கு அருகில், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் பாதுகாப்பில் 247 ஏக்கரில் தேசியக் கல்மரப் பூங்கா இருக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்து கல்லான மரங்கள் அவை. வேரோடும் கிளையோடும் கிடைக்காததே அவை வேறிடத்திலிருந்து வந்தன என்பதற்குச் சான்று. ஆண்டு வளையங்களைக் கல்லில் எண்ணிப் பார்க்கலாம். நிழல் குறைவு என்பதால் காலை பத்து மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். சிறு துண்டு கல்லைக்கூட எடுத்துவரக் கூடாது. இந்த நிறுத்தத்தை வழிகாட்டியில் சேர்ப்பதற்குக் காரணம், இன்றைய காடுகள் இந்த மண்ணின் நெடிய வரலாற்றில் கடைசிப் பக்கம் மட்டுமே என்பதை வேறெந்த இடமும் இவ்வளவு நேரடியாகக் காட்டுவதில்லை.

உயரம் வேண்டும் என்பவரையும் வெறுங்கையோடு அனுப்ப வேண்டியதில்லை. மேற்கே சுமார் 70 கிலோமீட்டரில் செஞ்சி. ராஜகிரிக் கோட்டையின் உச்சி ஏறக்குறைய 240 மீட்டர், படிகள் செங்குத்து, பாறை காலை ஒன்பது மணிக்கே சுடத் தொடங்கும். 1750 முதல் 1761 வரை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த கோட்டை இது. 2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகளின் தொகுப்பில் ஒன்றாக யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. வரலாறு பார்க்க வருகிறவர்கள் மரத்தைப் பார்ப்பதில்லை. பாறை இடுக்கில் சதுரக்கள்ளி, சரிவில் உசில், வெட்பாலை, ஒதியன், புரசு. கோடையில் இவற்றில் பெரும்பாலானவை மொட்டையாக நிற்கும். கடலோரத்து வீரை இலையுதிர்க்காமல் தாக்குப்பிடிக்கிறது, இங்குள்ள ஒதியன் இலையை உதிர்த்துத் தாக்குப்பிடிக்கிறது. ஒரே வறட்சிக்கு இரண்டு விடைகளை ஒரே வாரத்தில் பார்த்தவருக்கு, வகையால் அளப்பது என்று இந்த அத்தியாயம் சொல்வதன் பொருள் விளங்கிவிடும். பக்கத்திலுள்ள பக்கமலைக் காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி கட்டாயம். 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 பாதைகளுடன், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளுடன் ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தைத் தொடங்கியது. கோடையில் தீ அபாயத்தால் பாதைகள் மூடப்படும். அனுமதி என்பது வெறும் காகிதம் அல்ல, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று வெளியே ஒருவருக்குத் தெரிந்திருப்பதற்கான ஏற்பாடு.

வெயிலும் பாம்பும் மூன்றாவது மறுப்பு. மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் யார் நடப்பார்கள் என்கிறார்கள். மே மாதத்தில் நடக்க வேண்டாம் என்பதே பதில். பசுமைமாறாக் காடும் செம்மண் மேடும் டிசம்பர் முதல் மார்ச் வரை, நீர்நிலங்கள் பிப்ரவரி வரை, செஞ்சி ஜனவரியில் ஒருமுறை, இலையுதிர்ந்த நிலையைக் காண மார்ச் தொடக்கத்தில் விடியற்காலையில் ஒருமுறை. அக்டோபர், நவம்பரில் புயல் எச்சரிக்கை இருந்தால் மரத்தடிக்குப் போகவே கூடாது. காலை ஆறு முதல் ஒன்பதரை வரை நடைநேரம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், முழுக்கால் சட்டை, கணுக்காலை மூடும் காலணி போதும். தொட்டால் அரிக்கும் செந்தட்டியையும் மரக்கிளையில் கூடு கட்டும் முசுறு எறும்பையும் முன்பே படம் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் இந்த வட்டாரத்தில் உண்டு. கால் வைக்கும் இடத்தைப் பார்க்காமல் வைக்காதிருப்பதும், கல்லிடுக்கில் கைவிடாதிருப்பதும் அபாயத்தைப் பெருமளவு குறைக்கும். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, நேரே மருத்துவமனைக்குப் போங்கள். கோரிமேட்டில் ஜிப்மர் இருப்பதால், செம்மண் மேட்டிலும் ஊசுட்டேரியிலும் நடப்பவர் பெரிய மருத்துவமனைக்கு மிக அருகில் இருக்கிறார். தொலைதூர மலைகளில் நடக்கிறவருக்கு இந்த வசதி கிடையாது.

கடைசி மறுப்புத்தான் கனமானது. இவ்வளவு சிறிய காடுகளை வழிகாட்டி நூலில் எழுதிக் கூட்டம் சேர்த்தால், அவை என்ன ஆகும்? பெரிய காப்புக்காட்டில் நூறு பேர் நடந்தால் தடம் தெரியாது. சில ஏக்கர் காட்டில் பத்துப் பேர் பாதையை விட்டு விலகினாலே கன்றுகள் மிதிபடும். இதை மறுக்க முடியாது. ஆனால் இந்தக் காடுகளை இதுவரை அதிகம் தேய்த்தது நடப்பவர்களின் கால் அல்ல. கோயில் விரிவாக்கத்தின் சிமெண்டுத் தளம், வாகன நிறுத்தம், சாலை அகலப்படுத்தல், பொங்கல் வைத்துவிட்டுப் போடும் ஞெகிழிக் குப்பை ஆகியவையே. அங்கே நிற்பது அரிய காடு என்று ஊரில் பலருக்குத் தெரியாததால் இவற்றைக் கேட்பாரில்லை. வீரையைப் பெயர் சொல்லி அடையாளம் காணத் தெரிந்த இருபது பேர் ஊரில் இருந்தால், மரம் வெட்டப்படுமுன் கேள்வி கேட்க இருபது பேர் இருக்கிறார்கள். அதற்காக வரம்பில்லாமல் அழைத்துவிடவும் முடியாது. எனவே இந்நூல் ஏற்கெனவே மக்கள் வந்துபோகும் இடங்களை மட்டுமே பெயர் சொல்லிக் காட்டுகிறது. கிராமங்களுக்குள் ஒதுங்கியிருக்கும் சின்னக் கோயில் காடுகளுக்கு வழி சொல்லவில்லை. நடத்தை விதிகளுக்கும் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம். சாமி காட்டில் செருப்பைக் கழற்று, குச்சியைக்கூட எடுக்காதே, எச்சில் துப்பாதே என்று ஊரார் பல தலைமுறையாகக் கடைப்பிடித்த விதிகள் எந்தச் சரணாலயப் பலகையையும்விடக் கண்டிப்பானவை. கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் அவற்றை அப்படியே பின்பற்றலாம். குழு ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். ஒலிபெருக்கி வேண்டாம். சமூக வலைத்தளத்தில் இருப்பிடக் குறியிடுவதும் வேண்டாம்.

ஓராண்டுத் திட்டம் இப்படி அமையட்டும். டிசம்பர் கடைசியில் மழை ஓய்ந்ததும் ஊசுட்டேரிக் கரை. ஜனவரியில் ஒரு ஞாயிறு கீழ்ப்புத்துப்பட்டு, மறு ஞாயிறு செம்மண் மேடு, பொங்கல் விடுமுறையில் செஞ்சி. பிப்ரவரியில் கழுவேலி, திருவக்கரை. மார்ச் தொடக்கத்தில் செஞ்சிக்கு மறுபடியும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை எழுதிவைத்த பெயர்களைச் சரிபார்க்கவும், தாவரவியல் பூங்காவில் மர இலைகளைப் பழகவும் நேரம். இரண்டாம் ஆண்டு அதே இடங்களுக்கு அதே வரிசையில் போங்கள். புது இடம் தேட வேண்டாம். இந்த வட்டாரத்தில் நடப்பவரின் தேர்ச்சி எத்தனை சிகரம் ஏறினார் என்பதில் தெரியாது. கீழ்ப்புத்துப்பட்டில் நின்று வீரையையும் காயாவையும் இலையைப் பார்த்தே பிரித்துச் சொல்ல முடிகிறதா என்பதில் தெரியும். அது முடிந்த பிறகு ஏற்காட்டுக்குத் தாராளமாகப் பேருந்து ஏறுங்கள். அங்கேயும் கூடுதலாகப் பார்ப்பீர்கள்.